மாடி ஆடிய பக்கம்

“…ஆடுது ஆடுது எண்டு ரெண்டு கிழமையாச் சொல்லுறீங்கள், ஐயா. எந்தப் பக்கம் ஆடுது எண்டு மட்டும் இன்னும் சொல்லேல்லை,” என்றார் தையல் ரீச்சர்.

அவர் கேட்டது அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்திருந்த கட்டடப் பரிசோதகரை. பரிசோதகரின் கக்கத்தில் கோப்பு. முதுகுக்குப் பின்னால் மாடிப்படிக் கதவு. அதன் குறுக்கே, தன் கையாலேயே கட்டி இரண்டு முனையிலும் அரக்கு வைத்த சிவப்பு நாடா. ரீச்சருக்கு முழங்கை வரை கோதுமை மா. கடற்கரைப் பக்கம் பன்னிரண்டு கரைவலைக்காரர் கயிற்றைப் போட்டுவிட்டு மணலில் குந்தியிருந்தார்கள். நான் நூலில் கட்டிய தூக்குக்குண்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதற்குப் பிறகு ரீச்சர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த மாடியைத் தெரியாமல் அது விளங்காது.

உள்துறைமுகத்தின் ஓரத்தில் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் ஒன்று அது. கீழே வள்ளங்களை ஏற்றி வைப்பார்கள். மேலே கப்பற்பாய் தைப்பார்கள். அதனால் ஊரில் அதற்குப் பாய்க்கொட்டில் என்று பெயர். பாயை விரித்துத் தைப்பதற்கு இடைஞ்சலாக நடுவில் தூண் நிற்கக் கூடாது என்று மாடியை நீளமாக, ஒரே வெளியாகக் கட்டியிருந்தார்கள். இரண்டு முனையிலும் செங்கற் சுவர். கடலைப் பார்த்த நீளப் பக்கமும் றோட்டைப் பார்த்த நீளப் பக்கமும் வள்ளம் வந்து போகத் திறந்தபடி. வரிசையாக முதிரைத் தூண்கள் மட்டும். தூண்களுக்கு மேல் குறுக்கு உத்திரமாகத் தீராந்திகள், தீராந்திகளுக்கு மேல் பலகை.

கடற்படை இருந்த காலத்தில் நான் அங்கே ஓடாவியாக மரவேலை பார்த்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை கையாலும் கண்ணாலும் வந்தவை. மிச்சம் மனிதர்களின் வாயால் வந்தவை. யாராவது ஒரு விஷயத்தை நறுக்கென்று சொல்லிவிட்டால் அது என்னிடம் தங்கிவிடும். சாமான் தொலைப்பேன், சொன்ன சொல்லைத் தொலைக்க மாட்டேன்.

கடற்படை போய்ச் சில வருடம் வௌவால்களிடம் கிடந்த மாடியில் பிறகு பங்குக் கோவில் ஒரு தையல் வகுப்பைத் தொடங்கியது. பதினான்கு மெசின், பதினான்கு பெண்கள். சம்பூரிலிருந்து தோணியிலும், கிண்ணியாவிலிருந்து மிதவைப் பாதையிலும், திரியாயிலிருந்து பஸ்ஸிலும் வருவார்கள். மெசின்களைக் கொடுத்தது கந்தோர். கற்பித்தது நான் சொல்லும் ரீச்சர். கணவனை இழந்தவர், அதிகம் பேசாதவர், பேசினால் தையல்போல இடைவெளி பிசகாமல் பேசுகிறவர். பித்தளைப் பிடி போட்ட பெரிய கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் நாடாவில் கோத்து அவர் இடுப்பில் தொங்கும். துணியைத் தவிர வேறொன்றும் அதன் வாயில் படக் கூடாது. ஒருநாள் பங்குச் சுவாமி கடித உறையொன்றை வெட்ட அதை எடுத்தபோது, “மன்னிக்கோணும் சுவாமி, கடதாசி வெட்டினால் இதுக்குக் கண் தெரியாமப் போயிடும்,” என்று சொல்லி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாராம். சுவாமியே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் மெசினை மிதித்தால் அந்த மாடி நடுங்கும். அதை நான் மறைக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பைக்குள் வட்டம் வட்டமாக அலை வரும். கிண்ணியாப் பெண் ஒருத்தி பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “ரீச்சர், எங்கட மாடிக்கு இண்டைக்கு மெல்லிய காய்ச்சல்,” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஒருவரும் பயந்ததில்லை.

ஐப்பசி பிறந்த கையோடு பரிசோதகர் ஜீப்பில் வந்து இறங்கினார். மாடியின் நடுவில் போய் நின்று, ஒரு கிளாஸ் தண்ணீரைக் கதிரையின் மேல் வைக்கச் சொன்னார். சப்பாத்துக் காலால் மூன்று தரம் ஓங்கி மிதித்தார். தண்ணீர் குலுங்கியது. எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்து வளவில் கந்தோர் புதிதாகக் கட்டியிருந்த மண்டபத்துக்குப் போனார். அதுவும் நீளம், அதற்கும் இரண்டு முனையிலும் சுவர், நீளப் பக்கங்களில் அரைச்சுவரும் தூணும். ஏணி வைத்து ஏறி, நான்கு ஓடுகளைக் கழற்றச் சொல்லி, கூரைப் பலகையில் நின்று அதே சப்பாத்தால் மூன்று தரம் மிதித்தார். கல்லுப்போல நின்றது. இறங்கி வரும்போது முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

முடிவு அரைமணியில் வந்துவிட்டது. மாடி பாவனைக்கு உதவாது; வாடைக்காற்றுத் தொடங்க முதல் மெசின்களும் பெண்களும் மண்டபத்துக்குப் போக வேண்டும்; போகாவிட்டால் மெசின்களைத் திருப்பி எடுத்துவிடுவார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? இரண்டு கட்டடத்தைப் பார்த்து, நல்லதைப் பூட்டி, கெட்டதற்குள் ஆட்களை அனுப்புகிற மனிதரை என்ன செய்வது? அதுவும் நல்ல மனதோடு அனுப்புகிறார். பெண்களின் உயிருக்காகத்தான் செய்கிறேன் என்று சொன்னார். அதைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஆனால் அந்தப் பிழையை நானும் ஒருகாலத்தில் செய்தவன். துறைமுகத்து ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. எந்தத் தளத்தைக் கண்டாலும் எங்கள் முதல் கேள்வி, எத்தனை மூட்டை தாங்கும் என்பதுதான். ஏற்றுவதும் இறக்குவதுமாக வாழ்கிறவர்களுக்குப் பாரம் என்றால் மேலிருந்து கீழே வருவது. அப்படித்தான் நான் ஒரு உப்புக் களஞ்சியத்தின் கூரைக்கு உறுதி சொன்னேன். நாற்பது பேரைப் பரணில் ஏற்றிக் குதிக்க வைத்தேன். அசையவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த மார்கழியில் காற்று கடலிலிருந்து அடித்தது. நீளச் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியதுபோல உள்ளே வந்து விழுந்தது. முனைச் சுவர் இரண்டும் ஒன்றும் நடக்காதவை மாதிரி நின்றன. காவற்காரரின் கால் கல்லுக்கு அடியில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “ஓடாவியார், உங்கட கூரை விழேல்லை. பக்கத்தாலை சரிஞ்சு படுத்தது.”

அந்தச் சொல்லை எத்தனையோ வருடமாகச் சுமக்கிறேன். அதற்குப் பிறகுதான் மாடியோ கூரையோ, ஒரு தளத்துக்கு இரண்டு வேலை இருக்கிறதென்று எனக்கு உறைத்தது. ஆளைத் தாங்குவது ஒன்று. காற்று நீளப் பக்கத்தைத் தள்ளும்போது அந்தத் தள்ளலை வாங்கி, இரண்டு முனைச் சுவருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது மற்றது. படுக்கப் போட்ட ஒரு பெரிய தீராந்திபோல அது நிற்க வேண்டும். முதல் வேலையில் வீரனாக இருக்கிற தளம் இரண்டாவதில் கோழையாக இருக்கலாம். நான்கு சட்டத்தை மூலைக்கு ஒரு ஆணி வைத்துச் சதுரமாக அடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் தள்ளினால் சரிந்துவிடும். அதன்மேல் பலகைகளை நேராக அடுக்கி ஒவ்வொரு முனையிலும் ஒரே ஆணி அடித்தாலும் சரியும். சீட்டுக்கட்டுப்போலப் பலகைக்குப் பக்கத்தில் பலகை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பாரம் ஏற்றினால் தாங்கும். அதே பலகைகளை மூலைக்கு மூலை சரிவாகப் போட்டு நெருக்கி ஆணியடித்தால் தள்ளுகிறவன் தோள் வலிக்கும்.

பாய்க்கொட்டில் மாடியில் ஒரு பலகையைக் கிளப்பிப் பார்த்தவன் நான். மேலே தெரிகிற நேர்ப்பலகைக்குக் கீழே இன்னொரு அடுக்கு, முழுக்கச் சரிவாக, கைவிரலை வைக்க இடமில்லாமல் ஆணி. தீராந்திகள் மெல்லியவை, நீளமானவை. அதனால்தான் மெசினுக்கு நடுங்குகிறது. பக்கவாட்டில் அது அசையாது. மண்டபத்தின் கூரையையும் பார்த்தேன். தடித்த மரம், நேர்ப்பலகை, சந்திப்புக்கு ஒற்றை ஆணி, பலகைக்கும் பலகைக்கும் இடையில் வெளிச்சம்.

இதையெல்லாம் பரிசோதகரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதரில்லை, ஒருமுறை சம்பூர்ப் பெண்ணொருத்திக்கு வயிற்றுவலி வந்தபோது தன் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். கேட்டுவிட்டு, “ஓடாவி, பலகையை நேராப் போட்டாலும் சரிவாப் போட்டாலும் பலகைதானே? என்ர ஃபோமிலை அதைக் குறிக்க ஒரு கூடும் இல்லை,” என்றார். அடுத்த நாள் மெசின்களை இறக்குவித்து மண்டபத்துக்கு மாற்றி, மாடிப் படிக்கதவில் நாடாவைக் கட்டி அரக்கு வைத்தார். ஒரு கட்டடத்தைத் தன் சப்பாத்திடம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் மனிதருக்கு, அதே கட்டடத்தில் இருபது வருடம் ஆணியடித்தவன் சொல்லை எழுத ஒரு கூடும் கிடைக்கவில்லை.

நான் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பேசத்தான் தெரியும். மண்டபத்தைக் கையும் களவுமாகப் பிடித்தது ரீச்சர்.

மெசின்கள் மாறிய பத்தாம் நாள் காலையில் மண்டபத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனேன். பெண்கள் மெசினை நிறுத்திவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தார்கள். வெளியே வாடை விட்டு விட்டு அடித்தது. தைத்த சட்டைகளைப் போடுவதற்காக, முனைச் சுவரிலுள்ள ஆணியிலிருந்து எதிர்ப்பக்கத்து நடுத்தூணுக்குக் கோணலாக ஒரு கொடி கட்டியிருந்தார். அதைக் காட்டினார். காற்று அடிக்கும்போது கொடி வீணைத் தந்திபோல இறுகியது. விடும்போது சட்டைகள் தொய்ந்து கீழே வந்தன. ஆணியும் அசையவில்லை, முடிச்சும் இளகவில்லை.

“அண்ணை, சுவர் நிக்குது. தூண் போய்ப் போய் வருது,” என்றார் ரீச்சர். பிறகு, பெண்களுக்குக் கேட்காத குரலில், “பெரிய காத்து வந்தால் இந்தப் பதினாலு பிள்ளையளையும் நான் எங்கை வைக்கிறது?”

நான் இத்தனை வருடம் சொற்களால் விளக்கிக்கொண்டிருந்த விஷயத்தை அவர் ஒரு கொடியால் காட்டிவிட்டார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் எனக்கு வேலை செய்யும் எண்ணம் வந்தது.

சல்லிக் கிராமத்துக் கரைவலை முதலாளி, சம்மாட்டி, எனக்குப் பழக்கம். வாடையில் வலை இழுப்பு நின்றுவிடும். ஆட்கள் சும்மா இருப்பார்கள். பன்னிரண்டு பேரையும் வலைக்கயிற்றையும் கேட்டேன். எதற்கென்று சொன்னதும் சம்மாட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஓடாவியார், மீன் இல்லாத இழுப்புக்கு என்ர ஆக்கள் அரைவாசிப் பலம்தான் போடுவாங்கள்.” அரைவாசி போதும், இரண்டு இடத்திலும் அதே அரைவாசியைப் போட்டால் சரி என்றேன்.

காற்று எழும்பாத ஒரு விடியற்காலை. முதலில் பாய்க்கொட்டில். பூட்டிய படி தேவைப்படவில்லை. கீழே நின்றபடியே எல்லாம் செய்யலாம். மாடித் தீராந்தி உயரத்தில், இரண்டு முனைச் சுவரோரமும் நடுவிலுமாக மூன்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு குண்டின் அடியிலும் ரீச்சர் ஒரு தையல் ஊசியைக் கட்டினார். அதற்குக் கீழே தட்டத்தில் கோதுமை மாவைப் பரப்பி அடிமட்டத்தால் மட்டப்படுத்தினார். ஊசி நுனி மாவைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பெண்கள் துணியை விரித்துப் பிடித்துக் காற்று மறைத்தார்கள். வலைக்கயிற்றை நடுத்தூணின் தலையில் கட்டினேன். சம்மாட்டி இழுப்புப் பாட்டான அம்பாவை எடுத்துக் கொடுக்க, பன்னிரண்டு பேரும் கடற்கரைப் பக்கம் சாய்ந்து இழுத்தார்கள். மேலே மரம் ஒரு தரம் முனகியது, அவ்வளவுதான்.

மண்டபத்துக்குப் போக முதல் ரீச்சர் குனிந்து அளவு நாடாவால் கோடுகளை அளந்தார். முனைகளில் ஊசி கீறிய கோடு ஒரு நெல்லின் அகலம்கூட வராது. நடுவிலும் கிட்டத்தட்ட அதேதான். நடுப்பகுதி முனைகளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகுமானால் அந்தத் தளத்தை நம்புவதில்லை என்பது, களஞ்சியம் விழுந்த பிறகு நானாக வைத்துக்கொண்ட கணக்கு. இது ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. கிண்ணியாப் பெண் எட்டிப் பார்த்து, “மெல்லிய காய்ச்சல்தான், பெரிய வருத்தம் இல்லை,” என்றாள்.

பிறகு மண்டபத்திலும் அதே மூன்று குண்டையும் தட்டங்களையும் வைத்து, நடுத்தூணில் கயிற்றைக் கட்டினோம். தன் மண்டபத்தில் ஆட்கள் கயிறு கட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லிப் பரிசோதகரின் ஜீப் வந்து நின்றது அப்போதுதான். சத்தம் போடவில்லை. கைகட்டிக்கொண்டு பார்த்தார். அதே பன்னிரண்டு பேர், அதே கயிறு, அதே அம்பா. பாட்டின் இரண்டாவது அடி முடிய முதலே சம்மாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார். ஓடுகள் கடகடவென்று சொல்லின. பன்னிரண்டு பேரும் கயிற்றை மெதுவாக விட்டார்கள். சம்மாட்டி தலையில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “இதுக்கு மேலை இழுத்தால், ஓடாவியார், மண்டபத்தை நாங்கள் சல்லிக்குக் கொண்டுபோக வேண்டி வரும்.”

தட்டங்களைப் பார்த்தோம். முனைகளில் ஊசி குத்தின புள்ளிதான். நடுத் தட்டத்தில் பெருவிரல் நகத்தின் நீளத்துக்கு நேர்கோடு. பெண்கள் பத்து நாளுக்கு மேலாக அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள். சம்பூர்ப் பெண் தன் கதிரையை இழுத்துத் தூணிலிருந்து தள்ளி வைத்தாள்.

அந்தத் தட்டத்தைப் பரிசோதகருக்குக் காட்ட ரீச்சர் இரண்டு கையாலும் ஏந்தி, பாய்க்கொட்டில் படிவரைக்கும் அவர் பின்னால் போனார். ஏனென்றால் பரிசோதகர் அந்தப் பக்கம் நின்ற ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். படிக்கதவடியில் நின்று திரும்பினார். மாவைப் பார்த்தார். அவர் கண் அந்தக் கோட்டில் நின்றதை நான் கண்டேன். விளங்காத மனிதரின் கண்ணில்லை அது. விளங்கியது. விளங்கிய பிறகுதான் கோப்பைத் திறந்தார்.

மா ஒரு கருவியில்லை என்றார். கரைவலைக்காரர் இழுப்பது எந்தப் புத்தகத்திலும் உள்ள பரிசோதனை இல்லை என்றார். வேண்டுமானால் தலைமைக் கந்தோருக்கு எழுதுவதாகச் சொன்னார். பதில் வர மார்கழி முடியும் என்றார். மார்கழி முடியும்! காற்று வந்து போன பிறகு கடிதம் வரும், பிள்ளைகள் அதுவரைக்கும் அந்தக் கூரையின் கீழே இருக்கட்டும் என்று எழுத்தில் சொன்னால் எவருக்கும் கை கூசும். வாயால் சொல்லும்போது கூசவில்லை. எனக்கு நாக்கு நுனியில் நூறு சொல் வந்தது. களஞ்சியக் காவற்காரரின் கால் நினைவுக்கு வந்தது. தூக்குக்குண்டின் நூலைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

“இந்த மாடி ஆடுது, ரீச்சர். நானே மிதிச்சுப் பாத்தனான்,” என்று கடைசியாகச் சொன்னார்.

அதற்குத்தான் ரீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார், எந்தப் பக்கம் என்று. அதட்டிக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பெண் தப்பாக மடித்த மடிப்பைக் காட்டிக் கேட்பதுபோலக் கேட்டார். தட்டம் இன்னும் கையில் இருந்தது. பரிசோதகர் கோப்பில் ஒரு தாளைத் திருப்பினார். இன்னொரு தாளைத் திருப்பினார். அவர் சொல்லட்டும் என்று ரீச்சர் நின்றார். போதிய நேரம் கொடுத்தார். தாள்கள் முடிந்துவிட்டன.

ரீச்சர் தட்டத்தை என்னிடம் தந்தார். மாவுக் கையைச் சேலையில் துடைத்தார். இடுப்பிலிருந்து பித்தளைப் பிடிக் கத்தரிக்கோலை எடுத்து, பரிசோதகரைச் சற்று விலகச் சொல்லி, இரண்டு அரக்குப் பொட்டுக்கும் நடுவில் சிவப்பு நாடாவை ஒரே வெட்டில் வெட்டினார். கத்தரிக்கோலின் வாயைச் சேலைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து இடுப்பில் விட்டுக்கொண்டு, மாடிக்கு ஏறினார்.